ஒப்பீட்டுக் கிணறு

பிரென்னா ஜோட்ரியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் கல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஹாலிஃபாக்ஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் புவி அறிவியல் துறை, முதலாண்டு, முதல் செய்முறை வகுப்பு. மேசைக்கு ஒரு தட்டு நிறையக் கற்களைக் கொடுத்து, எது என்ன என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். நாங்களெல்லாம் ஆணியால் கீறியும் அமிலம் சொட்டியும் திணறிக்கொண்டிருக்க, இவள் ஒரு சாம்பல் நிறத் துண்டின் முனையை முன்பற்களில் வைத்து அரைத்தாள்.

"நறநறங்குது. வண்டல் கல்லு. களிமண் கல்லா இருந்தா வெண்ணெய் மாதிரி வழுக்கும். நீயும் கடிச்சுப் பாரு, செத்துட மாட்ட."

கடித்தேன். நறநறத்தது.

"யாரு வீட்டுப் பையன் நீ?" என்பது அடுத்த கேள்வி. எங்கள் நோவா ஸ்கோஷியாக் கரையில் பேரைக் கேட்க மாட்டார்கள், அப்பனைத்தான் கேட்பார்கள். சொன்னேன். மீன்பிடி ஊர் என்று தெரிந்ததும், "அப்போ உங்க வீட்லயும் நீதான் மொதப் படிப்பு" என்று அவளே முடிவு செய்துகொண்டாள். உண்மைதான். என் பட்டச் சான்றிதழ் இன்று அம்மாவின் கூடத்தில், தாத்தாவின் படகுப் படத்துக்கு மேலே தொங்குகிறது. வருகிறவர்களை அம்மா அதைப் பார்க்க வைக்காமல் விடுவதில்லை, நானும் தடுப்பதில்லை. பிரென்னா வாங்கியது என்னுடையதைவிட உயர்ந்த பட்டம். அவள் வீட்டில் அது பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. அது அங்கே போன கதைதான் இது.

பிரென்னாவின் ஊர் ஸ்டாம்ப் புரூக். அவள் கொள்ளுத்தாத்தா காலத்தில் அங்கே தங்கம் கிடைத்தது. பாறையை வெட்டி, இடித்துப் பொடியாக்கி, தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சப் பொடியை ஓடையோரம் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு ஊரார் வைத்த பெயர் திடல். புல்கூட முளைக்காத சாம்பல் மணல். பிள்ளைகளுக்கு அதுதான் கடற்கரை. பிரென்னாவும் அங்கேதான் சைக்கிள் பழகினாள். பிறகு ஒருநாள் அரசாங்கம் வேலி போட்டு, ஆர்செனிக் நஞ்சு இருக்கிறது என்று பலகை மாட்டியது. பலகை வந்ததோடு சரி. திடலுக்குக் கீழே குடியிருந்தவர்கள் தங்கள் கிணற்றை ஏற இறங்கப் பார்க்கத் தொடங்கினார்கள். பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். எல்லாக் கிணற்றிலும் ஆர்செனிக்.

அப்போது கைகொடுத்தவர் பிரென்னாவின் அப்பா லோர்ன் ஜோட்ரி. குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர், மற்ற நாளில் சாலை வேலை. அவர் வீடு ஓடைக்கு எதிர்ப்பக்கம், மேட்டில். அங்கே அவர் ஆழமாகத் துளை போட்டு இறக்கிய கிணறு இருந்தது. வீட்டுச் சுவருக்கு வெளியே ஒரு குழாய் வைத்தார். பனியில் உறைந்துவிடாமல் இருக்க அதற்குச் சூடேற்றும் கம்பி சுற்றினார். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். கதவைத் தட்ட வேண்டியதில்லை. ஊர் முழுக்கக் குடங்களோடு மேடேறியது.

"லோர்னு, உன் தண்ணியில போட்டா டீத்தூள் பாதி போதும்யா" என்பாள் மியூரியல் டர்ப்பிள். தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம் வாசற்படியில் ஒரு டப்பா கரும்புப்பாகு பிஸ்கட் வைத்துவிட்டுப் போவாள். அவளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று வந்தது. எந்த டாக்டரும் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லவில்லை. அவள் புருஷன் எல்டனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திடலுக்கு நேர் கீழே அவர்கள் வீடு. மியூரியலைப் புதைத்துவிட்டு வந்தவர் அடுத்த வாரமே தண்ணீர்க் குழு ஆரம்பித்தார்.

புதுச் சுரங்கக் கம்பெனி ஒன்று பழைய தங்கத்தின் மிச்சத்தைத் தேடி ஊருக்குள் வந்த நேரம் அது. நிலத்தை வாங்கியபோது திடலையும் சேர்த்து வாங்கியிருந்தது. குழு கேட்டது ஒன்றுதான்: ஏரியிலிருந்து குழாய் போட்டு வீட்டுக்கு வீடு தண்ணீர் கொடு. கம்பெனி மறுக்கவில்லை. உங்கள் கிணறுகளைக் கெடுத்தது திடல்தான் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறோம் என்றது. அதைக் காட்ட ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பிரென்னா நான்காம் ஆண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தாள்.

ஜோட்ரி வீட்டுச் சமையலறையில் கிணறுகளைப் பிரென்னாவே அளக்கட்டும் என்று எல்டன் சொன்னபோது மேசையில் மீன் வடையும் தேநீரும் இருந்தன.

"வெளியூரான் எவனாவது வந்து அளந்தா கம்பெனிக்காரன் அவன வெலைக்கு வாங்கிடுவான். இது லோர்ன் பொண்ணு. இவள எவன் வாங்குவான்?"

"ரெண்டு பாக்கெட் சிப்ஸ் குடுத்தாப் போதும், தாராளமா வாங்கலாம்" என்றார் லோர்ன்.

"அப்பா!"

"ஏம்மா, பொய்யா? போன வாரம் என் பாக்கெட்டையும் சேத்துத் தின்னது யாரு?"

சிரித்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டாள். தன் படிப்பு ஊருக்கு உதவப் போகிறது என்ற பெருமை அவளுக்கு இருந்தது. அந்தப் பெருமை எனக்குத் தெரியும். வீட்டில் முதலில் படித்தவர்கள் எல்லோரும் அதைச் சுமந்துகொண்டுதான் திரிகிறோம். நாலு வருஷம் கல்லைக் கடித்ததற்கு ஒரு கணக்குக் காட்ட வேண்டாமா?

அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் பேராசிரியர் ஹாலோரன். திட்டத்தைப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஒப்பீட்டுக்கு என்ன வச்சிருக்க?"

எங்கள் படிப்பில் அதுதான் முதுகெலும்பு. கெட்டுப்போன கிணறுகளை மட்டும் அளந்து பயனில்லை. திடலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு கிணற்றையும் அளக்க வேண்டும். அது சுத்தமாக இருந்து மற்றதெல்லாம் கெட்டிருந்தால்தான் திடலைக் குற்றம் சொல்ல முடியும்.

"எங்க வீட்டுக் கிணறு இருக்கு மேடம். ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டுல. திடல் தண்ணி அங்க ஏறவே முடியாது."

"டெஸ்ட் பண்ணியாச்சா?"

"பண்ணவே வேணாம் மேடம். ஊரே அதத்தான் குடிக்குது."

ஹாலோரன் தலையாட்டினார். அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். பிரென்னாவும் தான் சொன்னதைத் தானே ஒரு தரம் காதில் வாங்கியிருக்கலாம். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவளே மடக்கியிருப்பாள். ஊர் குடிக்கிறது என்பது அளவையா? ஆனால் சொந்தக் கிணற்றை எவளாவது சந்தேகப்படுவாளா?

அக்டோபரில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் எடுத்தாள். குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்டனும் கூடவே நடந்தார்.

"ஒரு பாட்டில் தண்ணிக்கு எதுக்குடி பொண்ணே இவ்வளவு நேரம் தொறந்து விடற? என் மோட்டாரு அழுவுது."

"குழாயில தேங்கினது போயி, பாறையில இருந்து புதுசா வரணும் எல்டன்."

"கையுறை வேற. ஆபரேஷன் பண்ணப் போறியா?"

"உங்க கை அழுக்கு அதுல விழுந்தா கம்பெனிக்காரன் அதத்தான் பிடிச்சுப்பான்."

"அப்போ ரெண்டு ஜோடி போட்டுக்க."

கடைசியில் தன் வீட்டுக்கு வந்தாள். அம்மா நோரீன் தொட்டியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம தண்ணிக்குமா கையுறை?" என்றாள். கொஞ்சம் மனத்தாங்கலாகத்தான் கேட்டாள்.

முடிவுகள் வந்தன. லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்பது வரம்பு. திடலுக்குக் கீழே இருந்த வீடுகளெல்லாம் இருபது, முப்பது என்று காட்டின. எதிர்பார்த்ததுதான். அவள் வீட்டுப் புட்டி நாற்பத்தேழு காட்டியது.

புட்டி மாறிவிட்டது என்றே முதலில் நினைத்தாள். அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய் மறுபடி எடுத்தாள். "போன தடவ எடுத்தது உடஞ்சிடுச்சுப்பா" என்று பொய் சொன்னாள். இரண்டாவது முறையும் அதே நாற்பத்தேழை ஒட்டித்தான் வந்தது.

துறையின் நடைக்கூடத்தில் மாகாணத்தின் பாறைப்படம் ஒன்று சுவர் நிறையத் தொங்குகிறது. நாலு வருஷமாக அதைத் தாண்டித்தான் எல்லோரும் வகுப்புக்குப் போகிறோம். அன்று பிரென்னா அதன் முன்னால் நின்றாள். பச்சை நிறம் சிலேட்டுப் பாறை, இளஞ்சிவப்பு கிரானைட். ஸ்டாம்ப் புரூக் முழுக்கப் பச்சை. ஓடைக்கு இந்தப் பக்கமும் பச்சை, அந்தப் பக்கமும் பச்சை, அவள் வீட்டு மேடும் பச்சை. தங்கம் பிறக்கிற சிலேட்டுப் பாறையில் ஆர்செனிக்கும் கூடப் பிறக்கும் என்பது இரண்டாம் ஆண்டுப் பாடம். அவளே அதில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அந்தக் காலத்தில் இடித்துக் கொட்டியது பாறையின் பொடியைத்தான். முழுப் பாறை அவள் வீட்டுக்கு அடியில் இருந்தது. எல்லார் வீட்டுக்கு அடியிலும் இருந்தது.

அப்படியானால் கிணறுகளைக் கெடுத்தது திடல் இல்லை. குழாயும் வராது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பார்கள். இங்கே கிணறு ஏற்கெனவே வெட்டியிருந்தது, ஊரும் குடித்துக்கொண்டிருந்தது.

ஹாலோரனிடம் சொல்லவில்லை. முதலில் அப்பாவிடம் போனாள். அவர் லாரிக்குக் குளிர்காலத்துச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். வெளிக்குழாயில் கீழ்த்தெரு வெர்னா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நம் கிணற்றிலும் இருக்கிறது என்றாள். "எவ்வளவு?" என்றார் லோர்ன்.

"நாப்பத்தேழு."

"எத்தன வரைக்கும் குடிக்கலாம்?"

"பத்து."

"காய்ச்சிக் குடிச்சா?"

"தண்ணி ஆவியாகும்பா, அது ஆகாது. இன்னும் கூடத்தான் செய்யும்."

லோர்ன் சங்கிலியைக் கீழே போட்டார். பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். "வெர்னா, அதக் கொட்டிடு. குழா ரிப்பேரு, துரு வருது" என்றார். வெர்னா குடத்துக்குள் எட்டிப் பார்த்து, "கண்ணாடியாட்டம் இருக்கே லோர்னு" என்றாள். "கொட்டுன்னு சொல்றேன்ல" என்று அவர் கத்தியதைப் பிரென்னா அதற்கு முன் கேட்டதில்லை. வெர்னா போனபின் குழாயின் கைப்பிடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

எல்டனைக் கூப்பிட்டு, ஒப்பீட்டுக் கிணறு சரியாக வரவில்லை என்று மட்டும் சொன்னார்கள். எல்டன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒரு கிணறு சொதப்பினா வேற கிணறு எடு. லேக் ரோட்டுல என் மச்சான் வீடு இருக்கே, அவன் தண்ணி பளிங்கு."

"அங்க பாறை வேற எல்டன். அது கிரானைட்டு. அத இதோட ஒப்பிடக் கூடாது."

"தண்ணி தண்ணிதானேம்மா? கம்பெனி வக்கீலு கல்லக் கடிச்சா பாக்கப் போறான்?"

பிரென்னா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தபடி, "எடுத்துக்கோ கண்ணு. ஊருக்குக் குழா வந்துட்டா, நம்ம கிணத்த நாம மூடிக்கலாம். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்" என்றார். வாழ்க்கையில் யாரையும் ஏமாற்றாத மனிதர். அன்று மகளிடம் பொய்யைக் கேட்டார்.

அவரே வண்டி ஓட்ட, லேக் ரோட்டுக்குப் போய் எடுத்து வந்தாள். அந்தப் புட்டியில் ஆர்செனிக் இருக்கிறதா இல்லையா என்று கருவியாலேயே சொல்ல முடியவில்லை. அவ்வளவு சுத்தம். வீட்டுப் புட்டியை விட்டுவிட்டு லேக் ரோட்டுப் புட்டியை மட்டும் அட்டவணையில் போட்டால் திடல் வசமாக மாட்டிக்கொள்ளும். குழாய் வரும். எல்டனுக்கு அவர் தேடிய நியாயம் கிடைக்கும். யார் கெட்டுப்போவார்கள்? கம்பெனிதானே! அட்டவணையை அப்படித்தான் தட்டச்சு செய்தாள்.

கடைசியில் அவளை வாய் திறக்க வைத்தது நேர்மை என்று சொன்னால் அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள். மேட்டில் அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பாட் கென்னிக்குக் கைக்குழந்தை. தாய்ப்பால் போதாமல் பவுடர் பால். கலப்பது கிணற்றுத் தண்ணீரில். மேட்டு வீடுகள் பாதிக்கப்பட்ட பகுதிக்குள் வராது, அங்கே கிணறுகள் பத்திரம் என்று அவள் ஆய்வேடு சொல்லப் போகிறது. கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு திடலின் கீழ்த்தெருவோடு குழாயை நிறுத்திவிடும். பாட் அதை நம்பி இன்னும் பத்து வருஷம் அந்தத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சுவாள்.

ஹாலோரன் அட்டவணையைப் பார்த்தார். "உங்க வீட்டுக் கிணறுன்னுல்ல சொன்ன? இது எங்க இருந்து வந்துச்சு?"

பிரென்னா உண்மையைச் சொன்னாள். இரண்டு தடவை எடுத்தது, நாற்பத்தேழு, லேக் ரோடு எல்லாம்.

பேராசிரியர் அட்டவணையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, "ரெண்டையும் போடு" என்றார். "சிலேட்டுல எங்க தோண்டினாலும் இருக்கு, திடல் பக்கத்துல இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. கிரானைட்டுல இல்ல. இதுக்கு மேல சந்தேகத்துக்கு இடமே இல்ல பிரென்னா. பிரமாதமான வேலை."

ஊரைக் காப்பாற்ற எடுத்த லேக் ரோட்டுப் புட்டிதான் ஊரின் வழக்கை முடித்தது. அந்தப் புட்டி இல்லாவிட்டால் ஜோட்ரி கிணற்றில் ஏதோ கோளாறு என்று வாதாடவாவது முடிந்திருக்கும்.

பிரென்னா முதலில் பாட் கென்னியிடம் போய்ச் சொன்னாள். பிறகு குழுவிடம். ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் ஏறியது. ஏப்ரலில் தீயணைப்புக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கம்பெனி வக்கீல் நல்ல மரியாதைக்காரர். எழுந்து நின்று, "நாங்க ஒரு வார்த்தை சேக்கல. இது உங்க ஊரோட பொண்ணு எழுதினது. ரொம்ப நேர்மையான ஆராய்ச்சி" என்றார். அவள் பக்கம் திரும்பிச் சின்னதாகத் தலைவணங்கவும் செய்தார். கூடத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ரெண்டு பாக்கெட் சிப்ஸுக்குப் போயிடுச்சு." யாரோ கனைத்தார்கள். சிரித்தவர்களும் உண்டு.

எல்டன் எழுந்தார். வக்கீலிடம் அவர் பேசவில்லை.

"லோர்னு. பலகை வச்ச நாள்ல இருந்து எங்க வீட்டுத் தண்ணிய மியூரியல் தொட்டதே இல்ல. டீயும் உன் தண்ணி, சூப்பும் உன் தண்ணி. அவகூட மேடேறி நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

லோர்ன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்.

"எல்டன், அப்படிச் சொல்ல முடியாது" என்றாள் பிரென்னா. "ஒருத்தருக்கு எதனால வந்துச்சுன்னு எந்த ஆராய்ச்சியும்…"

"சொல்ல முடியாதா? திடல்தான்னு நாங்க இத்தன வருஷம் சொல்லிட்டுத்தானே இருந்தோம். அப்போ நீ ஒரு நாளாவது சொன்னியா, முடியாதுன்னு?"

எல்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னாலேயே கூட்டம் கலைந்தது. தேநீரும் சாண்ட்விச்சும் மூடியபடியே இருந்தன. நோரீன் செய்து கொண்டுவந்ததை யாரும் தொடவில்லை.

கம்பெனி குழாய் போடவில்லை, போட வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு ஒரு துண்டறிக்கை கொடுத்தது, எந்தெந்த வடிகட்டி நல்லது என்று. பிரென்னாவை வேலைக்கும் கூப்பிட்டது. அவள் மறுத்தாள். மறுத்தது ஊருக்குத் தெரியாது, கூப்பிட்டது தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. எங்கள் பக்கத்துச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவதுதான் வணக்கம். அடுத்த குளிர்காலம் முழுக்க லோர்ன் பனி தள்ளிக்கொண்டு போனபோது, அவர் வழிவிட்ட வண்டிகளில் ஒரு விரலும் எழவில்லை.

கூட்டத்துக்கு அடுத்த மாதமே நடந்த பட்டமளிப்புக்கு லோர்ன் வந்திருந்தார், சாவுக்குப் போடும் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு. அந்த வருஷத்தின் சிறந்த ஆய்வேடு என்று பிரென்னா பெயரை வாசித்தார்கள். எல்லோரும் தட்டினோம், அவரும் தட்டினார். வெளியே வந்ததும் என் அம்மா அவரிடம், "பெருமையா இருக்கும்ல?" என்று கேட்டுவிட்டாள்.

"இருக்கும்மா" என்றார் லோர்ன். "நல்லாப் படிச்சா. நாங்கதான் கேக்காம இருந்திருக்கணும்."

பிரென்னா இப்போது வெகு தூரத்தில், சஸ்காட்செவனில் ஒரு பொட்டாஷ் உப்புச் சுரங்கத்தில் நிலவியலாளராக வேலை பார்க்கிறாள். கிணறு சம்பந்தப்பட்ட எந்த வேலையையும் எடுப்பதில்லை. ஸ்டாம்ப் புரூக்குக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு முறை விமானத்தில் ஹாலிஃபாக்ஸ் வருகிறாள். லோர்னும் நோரீனும் அங்கே வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.